என்ன வேலை என்று கேட்ட கண்ணாடி

அந்தப் புது மாப்பிள்ளை ஆள் நல்ல வாட்டசாட்டம். மாமனார், மாமியார், மச்சினன்மார் என்று பெண் வீட்டார் மொத்தமும் சுற்றி நிற்க, பழைய அரண்மனையின் கீழ்க்கூடத்தில் சுழல் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்து, தலையில் மாட்டும் அந்தப் பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மாட்டியதும் கண்முன்னே கோட்டை மதில். மதிலின் விளிம்பு. விளிம்புக்குக் கீழே பாதாளம். அவ்வளவுதான், பக்கத்தில் நின்று மாட்டிவிட்ட கண்டக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். பொத்தான் ஒன்று தெறித்து ஓடியது.

கண்டக்டர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "பட்டை என் சட்டையில மாட்டிக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல. கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க, மாப்பிள்ளைக்கு வெளிச்சம் மறைக்குது" என்று அதட்டினார். கண்ணாடிக்குள் இருப்பவருக்கு வெளிச்சம் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லாரும் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். மாப்பிள்ளை தெளிந்து, கண்ணாடியைக் கழற்றி, "நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்று பெரிய மனுஷனாக எழுந்து போனார். கண்டக்டர் அன்று சாயங்காலம் வரை ஒரு கையை நெஞ்சிலே வைத்துக்கொண்டே வேலை பார்த்தார்.

கூடத்தைப் பெருக்கும்போது அந்தப் பொத்தான் அகப்பட்டது. பெருக்கினவளைக் கூடத்தக்கா என்றுதான் அங்கே எல்லாரும் கூப்பிடுவார்கள். கண்டக்டர் மட்டும் தங்கச்சி என்பார். அவள் பொத்தானை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவர் காதுல என்னண்ணே சொன்னீங்க?"

"நானும் முதல் நாள் இப்படித்தான் பிடிச்சேன், வெட்கப்படாதீங்கன்னு சொன்னேன்."

"பிடிச்சீங்களா?"

"நான் எதுக்குப் பிடிக்கப் போறேன்? ஓடுற வண்டியில கம்பியைத் தொடாம நின்னவன் நான்."

உண்மையிலேயே அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர்தான். பாதி ஆயுசு பஸ்ஸிலேயே போனது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவருக்குப் பஸ் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களை வாசலில் நிற்க விடாமல், "உள்ள போங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று தள்ளிக்கொண்டு போவாராம். "இந்த மனுஷனை எங்கேயாவது சேர்த்து விடுங்க, இல்லேன்னா நான் பாதியில இறங்கிக்கிறேன்" என்று அவர் மனைவி சொன்னதை அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அப்படித்தான் அரண்மனைக்குக் கண்ணாடி வந்தபோது, ஒப்பந்தக்காரர் மூலமாக, அதை மாட்டிவிடும் வேலைக்கு வந்தார்.

அந்த வேலைக்கென்றே பிறந்தவர் போல இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். "இறங்குறவங்க கழட்டுங்க, ஏறுறவங்க மாட்டுங்க. மூக்குக் கண்ணாடி போட்டவங்க என்கிட்ட சொல்லுங்க. தலை சுத்தினா கையைத் தூக்குங்க, வண்டியை நிறுத்திடலாம்." பட்டையை இறுக்கும்போது பெண்களின் முடி சிக்காமல் ஒரு விரலை உள்ளே கொடுத்து இறுக்குவார். ஒவ்வொருத்தருக்கும் பிறகு கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைப்பார். ஏழை பணக்காரன் என்று துடைப்பில் வித்தியாசம் கிடையாது.

கூடத்தக்கா அவருக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்தவள். அழுத்தம் திருத்தமாகப் பேசத் தெரியாதவள். காலையில் விளக்குமாற்றைத் தொடுமுன் தூண் ஓரமாக நின்று கண்ணை மூடி, மனசுக்குள் கடவுளிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் சேர்த்துச் சொல்லிடு தங்கச்சி. நான் கூப்பிட்டா லைன் பிஸின்னு வருது" என்பார். கேலி என்றாலும், அவள் கண் திறக்கும் வரை கூடத்தில் நாற்காலி நகர்த்தும் சத்தம் கேட்காது.

அந்தக் கூடத்தின் சிவப்புத் தரையில் அவளுக்குத் தெரியாத விரிசல் இல்லை. ஆனால் மேல்மாடியை அவள் பார்த்ததே இல்லை. தளம் வலுவில்லை என்று படிக்கட்டை அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே ஒரு நீளமான உப்பரிகை உண்டு, அதிலிருந்து பார்த்தால் ஆறு வளைந்து போவது தெரியும் என்று சொல்லுவார்கள். கண்ணாடியில் அதைக் காட்டினார்கள். மதில், தோட்டம், உப்பரிகை, அரசர் சபை என்று எல்லாருக்கும் ஒரே படம்தான் அப்போது. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில், கண்ணாடிக்குள் இருப்பவர் பார்ப்பதை வரிசையில் நிற்பவர்களும் பார்க்கலாம். அவளும் பெருக்குகிற சாக்கில் பார்ப்பாள்.

பிறகுதான் அந்தப் புது ஏற்பாடு வந்தது.

கண்ணாடிக் கம்பெனியிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். கெட்டவள் இல்லை. எல்லாரையும் வாங்க போங்க என்று பேசினாள், கூடத்தக்காவிடம்கூடத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். ஊழியர் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கினாள்.

"வர்றவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி. எல்லாருக்கும் ஒரே படத்தைக் காட்டினா மனசுல ஒட்டாது. இனிமே அவங்க யாருன்னு கேட்டு, அவங்களுக்கே அவங்களுக்குன்னு காட்டப் போறோம். வயசு, மொழி, யார்கூட வந்திருக்காங்க, என்ன வேலை. இவ்வளவுதான் கேள்வி. மீதியை மிஷின் பார்த்துக்கும்."

"என்ன வேலைன்னு எதுக்கும்மா?" என்றார் கண்டக்டர்.

"சொந்தமா தோணணும் இல்லையா சார். தையல்காரர் வந்தா அரசரோட உடைக்கிடங்கு. வைத்தியர் வந்தா மருந்துச் சாலை. அந்தக் காலத்துல நீங்க இங்க இருந்திருந்தா என்னவா இருந்திருப்பீங்களோ, அதுவா இருந்து பார்க்கலாம்."

ஒத்திகைக்கு ஊழியரையே உட்கார வைத்தார்கள். டிக்கெட் கொடுப்பவருக்கு மிஷின் பொக்கிஷ அறையைத் திறந்து காட்டியது. பொற்காசுக் குவியலைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக இறங்கினார். மேலாளர் மந்திரியின் ஆசனத்தில் உட்கார்ந்து, இறங்கின பிறகும் அரை மணி நேரம் மந்திரியாகவே நடந்தார். காவலாளிக்குக் கோட்டை வாசல். "இங்கயும் நிக்கத்தான் வெக்கிறான்" என்று அவர் முணுமுணுத்தார். கண்டக்டரின் வேலையைப் போட்டதும் மிஷின் சற்று யோசித்துவிட்டு அவர் தோளில் பல்லக்கை ஏற்றியது. "ஊரையே ஏத்தி இறக்கினது போதாதுன்னு இப்ப ராஜாவையும் தூக்கணுமா? சில்லறை கொடுப்பாரா கேளுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

"அக்கா, நீங்களும் வாங்க" என்றாள் கம்பெனிப் பெண்.

கூடத்தக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்தாள். உப்பரிகையில் நின்று ஆற்றைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவள் மனசு நினைத்தது. கண்ணாடிக்குள் வெளிச்சம் வந்தபோது எதிரே தெரிந்தது அதே கீழ்க்கூடம். அதே சிவப்புத் தரை, விரிசல் விழாத காலத்தில். அவள் கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை, அந்தக் கையில் ஒரு விளக்குமாறு. எங்கோ மணி அடித்தது. "சீக்கிரம் பெருக்கு, அரசர் வருகிறார்" என்று ஓர் ஆண்குரல் விரட்டியது. அவள் வெறுங்கையை அசைக்க, உள்ளே விளக்குமாறு அசைந்தது. பிறகு அரசர் வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். படம் நகரவில்லை.

"தலையைக் குனிங்கக்கா. குனிஞ்சாத்தான் அடுத்தது வரும்" என்று வெளியே கம்பெனிப் பெண்ணின் குரல் கேட்டது.

கூடத்தக்கா குனிந்தாள். நிஜத்தில் அங்கே அரசர் யாரும் இல்லை. காலி நாற்காலிகளையும் மேலாளரின் பளபளக்கும் காலணிகளையும் நோக்கித்தான் அந்தத் தலை குனிந்தது. திரையில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். "அப்படியே தத்ரூபம்" என்று கம்பெனிப் பெண் கை தட்டினாள். டிக்கெட் கொடுப்பவர் சிரித்தார். அவளும் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தாள். வேறென்ன செய்வது, எல்லாரும் சிரிக்கும்போது?

கண்டக்டர் சிரிக்கவில்லை.

மத்தியானம் பின்கட்டுப் படியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"விடுங்கண்ணே. இருக்கிற வேலையைத்தானே காட்டினாங்க. பெருக்குறது கேவலமா என்ன?"

"பெருக்குறது கேவலம்னு நான் சொன்னேனா? நீ பெருக்காட்டி இந்த அரண்மனை புறாக்கூடு. ஆனா ஒருத்தன் எட்டு மணி நேரம் வேலை பார்த்துட்டு, லீவு நாள்ல பிள்ளைகுட்டியைக் கூட்டிக்கிட்டு வர்றான். அவன்கிட்ட டிக்கெட்டும் வாங்கிக்கிட்டு, நீ பாக்கி வேலையையும் செஞ்சிட்டுப் போன்னு சொன்னா அதுக்குப் பேர் என்ன? அதுலயும் கும்பிடு வேற. போட்டாத்தான் வண்டி நகருமாம்."

"சத்தம் போடாதீங்க. கேட்டுடப் போறாங்க."

"கேக்கட்டும்னுதான் போடுறேன்."

சொன்னபடியே மேலாளர் அறைக்குப் போனார். கூடத்தக்கா வாசலில் துடைக்கிற மாதிரி நின்று கேட்டாள். மேலாளர் முதலில் சாந்தமாகத்தான் பேசினார்.

"வரலாறு அப்படித்தான்யா இருந்துச்சு. பெருக்கினவங்க பெருக்கினாங்க, குனிஞ்சவங்க குனிஞ்சாங்க. நாம மாத்த முடியுமா?"

"மாத்த வேண்டாம் சார். எல்லாத்தையும் எல்லாருக்கும் காட்டுங்க. விளக்குமாத்தை உங்களுக்குக் காட்டுங்க. அந்தக் காலத்துல நீங்க மந்திரியா இருந்திருப்பீங்கன்னு மிஷினுக்கு யார் சொன்னது? உங்க கொள்ளுத்தாத்தாவைக் கேட்டுச்சா?"

"இது பெரிய பெரிய படிப்புப் படிச்சவங்க செஞ்சது. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். பஸ்ஸுல அத்தனை வருஷம் நின்னேன். ஏறுறவனைப் பார்த்து எங்க போகணும்னுதான் கேட்டேன். நீ யாரு, என்ன வேலை, உங்கப்பன் என்ன வேலைன்னு ஒருத்தனையும் கேட்டதில்ல. கேட்டிருந்தா இறங்கி அடிச்சிருப்பான்."

மேலாளர் மணியை அழுத்திக் காவலாளியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அதுதான் பதில்.

ஏற்பாடு ஆரம்பமானது. ஒவ்வொரு நாளும் கூடத்தக்கா பார்க்க வேண்டியிருந்தது. வாடகைக் கார் ஓட்டுகிறவர் ஒருவர், மடிப்புக் கலையாத சட்டை போட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மிஷின் அவரைக் குதிரை லாயத்தில் சாணம் அள்ள விட்டது. மனைவி திரையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். கறிகாய் விற்கிற அம்மாள் ஒருத்தி சமையல்கட்டுப் பின்வாசலில் கூடையோடு காத்து நின்றாள், அவ்வளவுதான் அவளுடைய அரண்மனை. வக்கீலுக்குச் சபை. பெரிய கடைக்காரருக்கு விருந்து. வெளியே எந்த வரிசையோ, உள்ளேயும் அதே வரிசை. கோயிலானாலும் எந்த வழிபாட்டு இடமானாலும் கடவுளுக்கு முன்னால் எல்லாரும் ஒன்று என்று அவள் சின்ன வயசிலிருந்து நம்பினவள். மனுஷன் கட்டின அரண்மனை, அதுவும் இல்லாத அரண்மனை, கண்ணாடிக்குள் இருக்கிற காற்று. அதில்கூட ஒரு படி மேலே ஏற விடமாட்டார்களா என்று அவளுக்கு முதல் தடவையாக நெஞ்சு கொதித்தது.

சில நாளில் திரையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கேள்விகளுக்கென்று டேப் என்று ஒரு தொடுதிரைப் பலகை கொடுத்திருந்தார்கள்; வருகிறவர் பாதிப் பேருக்குப் படித்து அதில் தட்டத் தெரியாது. கண்டக்டர்தான் கேட்டுத் தட்டுவார். இப்போது அவர் என்ன வேலை என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

"எங்க போகணும்மா? மாடியா, சபையா, தோட்டமா?"

"ஆறு தெரியுமாமே, அங்க."

"உப்பரிகை ஒண்ணு. சரி, ஏறுங்க." வேலை என்ற இடத்தில் அவர் பாட்டுக்குப் புலவர் என்று தட்டுவார். புலவருக்கு உப்பரிகை. ஓவியருக்குத் தோட்டம். வியாபாரிக்கு விருந்து. எந்த வேலைக்கு எந்தக் கதவு திறக்கும் என்று அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒரு நாள் குழாய் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் வந்தார். "அந்தக் காலத்துல தண்ணி எப்படிண்ணே மேல ஏத்தினாங்க? அதைக் காட்ட முடியுமா?" என்றார். கண்டக்டர் அவருடைய சொந்த வேலையையே தட்டி, நீர்த்தொட்டிக்கு அனுப்பினார். அவர் வெகுநேரம் இறங்கவே இல்லை.

"இவருக்கு மட்டும் அவர் வேலையையே போட்டீங்களே?" என்றாள் கூடத்தக்கா.

"அவரே கேட்டார் தங்கச்சி. கேட்டவனுக்குக் கொடுக்கிறது வேற, கேக்காதவன் தலையில கட்டுறது வேற."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் அவளுடைய மகள் ஒரு செய்தியோடு வந்தாள். பன்னிரண்டு வயசு. துறுதுறுப்பு தாங்காமல் வீட்டில் வாலு என்றுதான் பேர்.

"அம்மா, எங்க கிளாஸ் உங்க அரண்மனைக்கு வருது. கண்ணாடி மாட்டி விடுவாங்களாம். நீ வேலை பார்க்கிற இடம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லார்கிட்டயுமா சொன்னே?"

"ஏன், சொல்லக் கூடாதா?"

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஏது வேலை? அதனால் மிஷின் பிள்ளைகளிடம் அப்பா அம்மா வேலையைக் கேட்கும். வாலுவுக்கு அப்பா இல்லை. இருக்கிறது அம்மாவின் வேலை ஒன்றுதான். பெருக்குவதில்கூட ஒன்றுமில்லை, வீட்டில் வாலுவும் பெருக்குகிறவள்தான். ஆனால் அந்த அரசர் வந்து நிற்பாரே. வகுப்பே திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, இந்தக் குழந்தை தலையைக் குனிந்தால்தான் படம் நகரும். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

கண்டக்டரிடம் சொன்னாள்.

"எதுக்குக் காய்ச்சல்? வரட்டும். டேப் என் கையிலதானே இருக்கு. வாலுவுக்கு உப்பரிகை, முன்சீட்டு, ஜன்னலோரம்."

ஆனால் டேப் அவர் கையில் இருக்கவில்லை. கம்பெனிப் பெண் கணக்குப் பார்த்துவிட்டாள். ஊரில் இத்தனை புலவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். மேலாளர் கண்டக்டரைக் கூப்பிட்டு எல்லார் முன்னிலையிலும் திட்டினார். கம்பெனிப் பெண், "நீங்க தப்பாத் தட்டினதால மிஷின் தப்பாக் கத்துக்கிச்சு சார்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"தப்பாக் கத்துக்கிச்சா? சொந்தமா தோணணும்னு சொன்னது நீங்கதான்மா. சிம்மாசனத்தைக் காட்டுங்க, சொந்தமா தோணுதான்னு பாருங்க. விளக்குமாறு அவங்க வீட்டுலயே இருக்கு."

டேப்பை வாங்கி மேலாளர் அறையில் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விவரம் பள்ளியிலிருந்தே நேராக மிஷினுக்கு வந்து சேரும் என்று ஏற்பாடு. கண்டக்டர் இனி மாட்ட வேண்டியது, கழற்ற வேண்டியது மட்டும்.

அந்த நாள் வந்தது. கூடத்தக்கா மற்ற நாளைவிட அதிக நேரம் தூண் ஓரமாகக் கண் மூடி நின்றாள். எதைக் கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை. மின்சாரம் போகட்டும் என்று கேட்கலாமா? கடவுளிடம் அப்படிக் கேட்பது முறையா?

மின்சாரம் போகவில்லை. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். வாலு அம்மாவைப் பார்த்ததும் வரிசையை விட்டு ஓடிவந்து, "இதைப் பிடிம்மா, கனக்குது" என்று தன் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு ஓடினாள். அந்தக் குழந்தைக்கு அம்மாவின் கையில் இருந்த விளக்குமாறு ஒரு பொருட்டாகவே படவில்லை.

முதல் வரிசை உட்கார்ந்தது. கண்டக்டர் ஒன்றும் பேசாமல் மாட்டினார். அவர் இப்படிப் பேசாமல் மாட்டி அவள் பார்த்ததில்லை. திரையில் ஒவ்வொரு காட்சியாக மாறியது. டாக்டர் வீட்டுப் பெண் மருந்துச் சாலையில். பெரிய கடைக்காரர் பையன் விருந்தில். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பையனின் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அவன் முதுகில் ஒரு மூட்டை. அரசர் வந்து நின்றார். அவன் விஷயம் புரியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான்.

"குனிடா. உன்னால எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் ஆசிரியர்.

"குனிடா கூலி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கண்ணாடிக்குள் இருந்த பையனுக்கு யார் சிரிக்கிறார்கள், எதற்கு என்று தெரியவில்லை. அவன் குனிந்தான். கழற்றியபோது அவன் முகத்தைக் கூடத்தக்காவால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வரிசை. வாலு குதித்து ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் கண்ணாடியைக் கையில் எடுத்தார். மாட்டவில்லை.

"நீ எங்க போகணும் பாப்பா?"

"மேல. ஆறு தெரியுமாமே, அங்க. அம்மாவும் பார்த்ததில்லையாம், நான் பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். சுவரோரம் போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். திரை கறுத்துப் போனது. திரும்பி, பஸ்ஸில் கடைசி சீட்டு வரை கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்.

"வண்டி போகாது. எல்லாரும் இறங்குங்க."

மேலாளர் அறையிலிருந்து ஓடிவந்தார். "என்ன ஆச்சு? ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார். நான்தான் நிறுத்தினேன்."

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"ஒரு பிள்ளையை மூட்டை தூக்க வெச்சுக் கும்பிட வெச்சாச்சு. மத்த பிள்ளைங்க சிரிச்சாச்சு. அப்பன் தூக்கின மூட்டையைப் பிள்ளையும் தூக்கணும்னு சொல்றதுக்கு ஒரு அரண்மனை, ஒரு கண்ணாடி, இத்தனை கரண்டு. அதுக்கு மாட்டிவிட ஒரு கிழவன் வேணுமா உங்களுக்கு? என்னால முடியாது."

"பிள்ளைங்க முன்னாடி அரசியல் பேசாதே."

"நான் எங்க சார் பேசினேன்? உங்க மிஷின்தான் காலையிலேருந்து பேசிக்கிட்டிருக்கு."

மேலாளரின் முகம் சிவந்தது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "இதுக்குப் பின்னால யார் இருக்கா? யார் சொல்லிச் செஞ்சே?"

அப்போதுதான் கூடத்தக்காவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

"நான்தான் சார் சொன்னேன். அது என் பொண்ணு. அவ குனிய மாட்டா."

ஆசிரியர் கூரையைப் பார்த்தார். வாலு அம்மாவை ஏதோ புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"தங்கச்சி, நீ சும்மா இரு" என்றார் கண்டக்டர். பிறகு மேலாளரிடம், "அவங்க சொல்லல சார். வாயைத் திறக்கிறதே இப்பத்தான், நீங்களே பார்க்கிறீங்க. சுவிட்சுல கை வெச்சது நான். எதுவா இருந்தாலும் என்கிட்ட" என்றார்.

பிள்ளைகளை அவரே வெளியே அழைத்துப் போனார். அடைத்திருந்த மாடிக்கு யாரையும் ஏற்ற முடியாது. தோட்டத்துக் கடைசி வரை நடத்திக்கொண்டு போய், மதில் இடிந்து தாழ்ந்திருந்த இடத்தில் ஒவ்வொருத்தராகத் தூக்கி ஆற்றைக் காட்டினார். கோடை. ஆற்றில் தண்ணீரே அதிகம் இல்லை. மூட்டை சுமந்த பையனை முதலில் தூக்கினார். டாக்டர் வீட்டுப் பெண்ணையும் தூக்கினார். "தள்ளாதீங்க, எல்லாருக்கும் இடம் இருக்கு" என்று அவர் குரல் கூடம் வரை கேட்டது.

மறுநாள் முதல் வர வேண்டாம் என்று கண்டக்டரிடம் ஒப்பந்தக்காரர் மூலம் சொல்லிவிட்டார்கள். கூடத்தக்காவை ஒன்றும் செய்யவில்லை. விடியுமுன் வந்து அத்தனை பெரிய கூடத்தைப் பெருக்க வேறு ஆள் அகப்படாது என்பது மேலாளருக்குத் தெரியும். அவள் வேலையை விட்டுவிடுகிறேன் என்று கண்டக்டர் வீட்டுக்குப் போய் அழுதாள்.

"போய் உன் வேலையைப் பாரு. நீயும் இறங்கிட்டா அப்புறம் அங்க பார்க்கிறதுக்கு யாரு இருக்கா?" என்று அவர் மனைவிதான் அதட்டி அனுப்பினாள். "இந்த மனுஷனை நான் பார்த்துக்கிறேன். இப்ப மறுபடி வீட்டுக்கு வர்றவங்களை உள்ள போ உள்ள போன்னு ஆரம்பிச்சிட்டாரு."

மேலாளருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பையனின் அப்பா, மூட்டை தூக்குகிறவர், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நியாயம் கேட்டிருக்கிறார். வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள். ஆனால் பெரிய கடைக்காரர் ஒருவரின் பையனை மிஷின் தவறுதலாகக் குனிய வைத்துவிட்டது என்று புகார் வந்ததும் எல்லாருக்கும் காது கேட்டுவிட்டது. சில மாதங்களில் கேள்விகள் மாறின. என்ன வேலை என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "எங்கே போக விரும்புகிறீர்கள்?" என்று போட்டார்கள். குனிகிற காட்சியும் போய்விட்டது. இந்தப் புதுமைக்காகக் கம்பெனிக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. மேலாளரும் கம்பெனிப் பெண்ணும் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அதன் கண்ணாடியையும் கூடத்தக்காதான் துடைக்கிறாள். துடைக்கும்போதெல்லாம், கடவுளே, இதையும் நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய் என்று கேட்பாள். கோபத்தோடு அவரிடம் பேச அவள் கற்றுக்கொண்டது அந்தப் படத்துக்கு முன்னால்தான்.

கண்டக்டரும் மனைவியும் வேறு ஊரில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தார்கள். பஸ் நிலையத்துக்குக் கூடத்தக்கா வழியனுப்பப் போனாள். அதன்பிறகு அவரை அவள் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அவருடைய மகள் தகவல் சொன்னாள். தூக்கத்திலேயே, நோய்நொடி இல்லாமல்.

வழியனுப்பிய அன்றைக்கு அவர் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, அந்த பஸ்ஸின் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற அழகைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேள்வி மாறின செய்தியையும் கேடயத்தையும் சொன்னாள்.

"உங்க பேரை ஒரு வார்த்தை சொல்லலையேண்ணே. ஒருத்தர்கூடச் சொல்லலையே."

"பேர் கிடக்குது, விடு" என்றார். வண்டி உறுமியது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, ஒரு நாள் லீவு போட்டுக்கோ. வாலுவைக் கூட்டிக்கிட்டு, டிக்கெட் வாங்கி, முன்வாசல் வழியாப் போ. உக்காந்ததும் எங்க போகணும்னு கேப்பாங்க. உடனே சொல்லிடாதே. யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் உக்காந்திரு. நிக்கட்டும் அவங்க."